தன் எல்லையைத் தானே வகுத்த குரல்

கொடுமுடி சுந்தராம்பாளின் குரலை நான் முதன்முதலில் கேட்டது, சுன்னாகத்தில் ஓதப்பள்ளிக்குப் போகும் ஒழுங்கையில்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. உம்மம்மா என் கையைப் பிடித்து நடந்து வந்தார். தூரத்தில் ஏதோ ஒரு கோயிலில் திருவிழா. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் உச்சத்துக்கு ஏறி அங்கேயே அசையாமல் நின்றது. உம்மம்மாவும் நின்றுவிட்டார்.

"இது சுந்தராம்பாள்" என்றார்.

"ஆர் உம்மம்மா அது?"

"முந்தி ரேடியோவில பாடுறவ. அவவின்ர பாட்டில ஒரு எழுத்தும் விழுங்குப்படாது. நீயும் ஓதேக்க அப்பிடி ஓதோணும்."

கோயிலில் ஒலித்த பாட்டைக் கேட்டுவிட்டு ஓதுவதற்குப் பாடம் சொன்ன உம்மம்மாவை அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னர் கல்லூரி நூலகத்திலும் பழைய சஞ்சிகைகளிலும் அந்தப் பாடகியைப் பற்றித் தேடித் தேடி வாசித்தபோதுதான் மெல்ல மெல்ல விளங்கியது. பாட்டைக் கேட்டிருந்தாலும் பாடியவர் யாரென்று அறியாத என் வகுப்புத் தோழியர் பலருக்காகவும் இதை எழுதுகிறேன்.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் ஈரோட்டுக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். தாயின் பெயர் பாலாம்பாள். கே. பி. என்ற முதலெழுத்துகளில் 'கே' ஊரையும் 'பி' தாயையும் குறிக்கும். தகப்பன் பெயரை முன்னால் போடுவதே வழமையாக இருந்த காலத்தில், தன்னை வளர்த்த தாயின் பெயரை வாழ்நாள் முழுவதும் முன்னால் வைத்திருந்தார்.

வீட்டில் கடும் வறுமை. ரயிலில் பாடிச் சில்லறை பெற்ற சிறுமி என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்வோர் சொல்கிறார்கள். அந்தக் குரல் நாடகக்காரர் ஒருவரின் காதில் விழ, பிள்ளை வேடங்களில் நடிக்கத் தொடங்கினார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழுது பாடும் பிள்ளையாக நடித்துச் சபையை அழவைத்தாராம். அந்தப் பசியை நடித்துக் காட்ட அவர் யாரிடமும் பயிற்சி பெற்றிருக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்து மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் இருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் சனம் எழுந்து போய்விடும். ஆகவே அன்றைய நடிகர்கள் நெஞ்சிலிருந்து மூச்சை எடுத்து, எழுத்து எழுத்தாகப் பாடப் பழகினார்கள். 'எழுத்தை விழுங்காத' பாட்டு அங்கேதான் உருவானது.

அவருடைய கதையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கடல் கடந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்துபோன காலம் அது. 1920களில் கொழும்பு மேடையில்தான் சுந்தராம்பாளும், செங்கோட்டை கிட்டப்பா என்ற பெரும் பாடக நடிகரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். இருவரும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்கவே சனம் திரண்டது. அந்த நாடகப் பாட்டின் சாயல் எங்கள் குடாநாட்டு இசைநாடகங்களிலும் படிந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பற்றிப் பேசாத மூத்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் அந்த மேடைகளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். ஒரு பெண் மேடையேறுவது குடும்பத்துக்கு இழுக்கு என்று கடலின் இரு பக்கமும் நினைத்த காலம்.

1927இல் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் திருமணம் செய்துகொண்டனர். அந்த வாழ்க்கை நீண்ட சுகமாக அமையவில்லை. பிரிவு வந்தது, பிறகு நோய் வந்தது. 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

இந்த இடத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே செய்திதான் இருக்கும். அவர் வெள்ளைப் புடவை உடுத்தார், நகைகளைக் கழற்றினார், இனி எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார், அந்த முடிவைச் சாகும்வரை மாற்றவில்லை. எல்லோரும் இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. வெள்ளைப் புடவையை அவர் விரும்பித் தெரிவுசெய்தாரா? அல்லது விதவைக்கு இதுதான் என்று ஊர் எழுதிவைத்ததை ஏற்றுக்கொண்டாரா?

எங்கள் மார்க்கத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா உண்டு. நான்கு மாதமும் பத்து நாளும். அது முடிந்ததும் அவள் தன் வாழ்க்கையைத் தொடரலாம், மறுமணம் செய்யலாம், தொழில் செய்யலாம். சுந்தராம்பாள் பிறந்த சமூகத்தில் அன்று அப்படி ஒரு முடிவுத் திகதி இருக்கவில்லை. 25 வயதில் தொடங்கிய துக்கம் ஆயுள் முழுவதும் என்று விதிக்கப்பட்டிருந்தது. விதவை நல்ல காரியத்தில் முன்னே வரக்கூடாது, சபையில் நிற்கக்கூடாது. வெள்ளை உடை ஊர் விதித்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உடையோடு வீட்டின் மூலையில் இரு என்றும் ஊர் சொன்னது. அவர் முதலாவதை ஏற்றார், இரண்டாவதை ஏற்கவில்லை. அதே வெள்ளைப் புடவையோடு மேடைக்குத் திரும்பி வந்தார். ஊர் வேலியாகக் கொடுத்ததை அவர் தன் அடையாளமாக மாற்றிக்கொண்டார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அதன் பின் நடந்ததுதான் அதிசயம். சினிமாவில் நடிக்கும்படி அவரைத் தேடி வந்தார்கள். ஆணுடன் சோடி சேர மாட்டேன் என்ற பெண்ணுக்குச் சினிமாவில் என்ன வேடம் இருக்கிறது? 1935இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து பண்ணையில் அடிமைப்பட்ட நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அன்றைய இந்தியத் திரையுலகில் யாரும் கேள்விப்படாத தொகை. நடிக்க விருப்பமில்லாமல், வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்காகவே அந்தத் தொகையைக் கேட்டார், அவரோ உடனே சம்மதித்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. வந்தவரை விரட்டச் சொன்ன விலையோ என்னவோ, தன் குரலுக்கு விலையைத் தானே சொன்னார் என்பது மட்டும் உண்மை.

அந்தப் படத்தில் நந்தனாரை அடக்கி வைத்திருக்கும் வேதியராக நடித்தவர் பெரும் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அவருடைய மகன் மகாராஜபுரம் சந்தானம் பிற்காலத்தில் எங்கள் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரிக்கு அதிபராக வந்து படிப்பித்தவர். இன்று அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவாக இருக்கிறது. நான் கல்லூரிக்கு வரும் பஸ் காங்கேசன்துறை வீதியில் அந்த வாசலைக் கடந்துதான் போகும். காலையில் சாதகம் செய்யும் மாணவிகளின் குரல் சில நாட்களில் பஸ்ஸுக்குள்ளும் கேட்கும். சுந்தராம்பாளின் உலகம் எங்கள் வீட்டிலிருந்து சில நிமிடத் தூரத்தில்தான் இருந்திருக்கிறது என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

அவர் நடித்த பாத்திரங்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1935இல் நந்தனார். 1940இல் மணிமேகலை. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் ஔவை. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கண்ணகிக்கு வழித்துணையாக வரும் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடியும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். இந்த வரிசையில் யாரும் காதலி இல்லை, கதாநாயகனின் மனைவி இல்லை. இருவர் அடியார்கள், இருவர் துறவிகள், ஒருவர் புலவர். தாங்கள் சொல்லும் சொல்லுக்காகவே மற்றவர்கள் நின்று கேட்கும் மனிதர்கள். மணிமேகலை என்றதும் மணிபல்லவத்தையும், நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று எங்கள் ஊரவர் சொல்வதையும் நினைத்துக்கொண்டேன். பசித்தவர்க்குச் சோறு கொடுக்கும் அந்தப் பாத்திரத்தை, பசித்து வளர்ந்த ஒருவர் ஏற்றிருக்கிறார்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். சோடி நடிப்பு இல்லை என்ற அவருடைய எல்லை, அவருடைய வழியை அடைத்துவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அது புதிய வழியைத் திறந்தது. அழகுக்காகவும் காதலுக்காகவும் மட்டுமே பெண் வந்துபோகும் திரையில், அறிவுக்காகவும் வாக்குக்காகவும் ஒரு பெண் வந்து நிற்க இடம் உண்டாயிற்று. சந்தைக்கு ஏற்றபடி அவர் தன்னை மாற்றவில்லை. அவருக்கேற்ற கதைகளைத் தேட வேண்டியவர்கள் படக்காரர்கள் ஆனார்கள்.

அந்தத் தாக்கம் இன்றும் எங்கள் பாடசாலைகளில் இருக்கிறது. கலைவிழாவில் ஔவை வேடம் போடும் பிள்ளையைப் பாருங்கள். வெள்ளைச் சேலை, நரைத்த தலை, கையில் ஒரு தடி. பேசத் தொடங்கினால் குரலை உயர்த்தி, சொல்லைச் சொல்லாக வெட்டிப் பேசுவாள். சங்க காலத்து ஔவையை யாரும் கண்டதில்லை. அந்தப் பிள்ளை சுந்தராம்பாளின் படத்தையும் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்குப் பழக்கிய ஆசிரியை பார்த்திருப்பார், அல்லது அந்த ஆசிரியைக்குப் பழக்கியவர் பார்த்திருப்பார். ஒரு நடிகை ஏற்ற உருவமே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஔவையின் உருவமாகிவிட்டது. ஆத்திசூடியைப் பாடமாக்கும் முஸ்லிம் பிள்ளைகளான எங்களுக்கும் ஔவை என்றால் அந்த உருவம்தான் மனதில் வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுந்தராம்பாள் பாடியவற்றில் பெரும்பகுதி முருகன் மீதும் சிவன் மீதும் பாடிய பக்திப் பாடல்கள். அந்த நம்பிக்கை என்னுடையதன்று. என் ஈமான் எனக்குத் தெளிவானது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது மொழியையும் மன உறுதியையும்தான். அயல்வீட்டு அம்மா தன் விரதநாளில் எங்கள் வீட்டு வாசலால் போகும்போது உம்மம்மா நலம் விசாரிப்பார். எங்கள் நோன்புப் பெருநாளில் அந்த அம்மா உம்மம்மாவின் வட்டிலாப்பத்துக்குக் காத்திருப்பார். ஒருவர் மற்றவராக மாறாமலே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

உம்மம்மா எடுத்துக்கொண்டது உச்சரிப்பை. அதன் பெறுமதி 1990இல் தெரிந்தது. அந்த ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல எங்கள் குடும்பமும் வீட்டையும் கடையையும் ரேடியோவையும் விட்டுவிட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் உம்மப்பா மௌத்தானார். இத்தா முடிந்த மறுவாரம், முகாமில் இருந்த பிள்ளைகளை அழைத்து உம்மம்மா குர்ஆன் ஓதிக் கொடுக்கத் தொடங்கினார். கரும்பலகை இல்லை, எல்லோருக்கும் போதுமான முஸ்ஹபும் இல்லை. குரல் ஒன்றுதான் இருந்தது. எந்த எழுத்து தொண்டையின் எந்த இடத்தில் பிறக்கிறது, எதை எவ்வளவு நீட்ட வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பத் திரும்ப ஓதிக் காட்டினார். இன்று புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அவரிடம் ஓதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஆனால் அவருடைய குரல் எத்தனையோ வாய்களில் இன்னும் இருக்கிறது.

ஓதலில் தொடங்கிப் பெரும் குரலாக வளர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி அரபுலகம் இன்னும் பேசுகிறது. அவர் எகிப்தின் உம்மு குல்தூம். நபி (ஸல்) அவர்களுடைய மகளின் பெயரைத் தாங்கியவர். நைல் நதியின் கழிமுகத்தில் ஒரு சிறு கிராமத்தில், பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்தார். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றதால் அவருடைய அரபு உச்சரிப்புத் துலக்கமாக அமைந்தது என்று இசை அறிந்தவர்கள் கூறுகிறார்கள். கிராமங்களில் மார்க்கப் பாடல்கள் பாடத் தகப்பன் அவரை அழைத்துச் சென்றபோது, ஊர் பேசுமே என்று ஆண்பிள்ளை உடை உடுத்தி அழைத்துச் சென்றார். கொடுமுடிச் சிறுமி பின்னாளில் நந்தனாராக வேடமிட்டதையும், எகிப்துச் சிறுமி ஆண்பிள்ளை உடையில் பாடியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாட்டிலும் ஒரு பெண்ணின் குரலைச் சபை கேட்க, முதலில் ஒரு ஆண் உடை தேவைப்பட்டிருக்கிறது.

பிற்காலத்தில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் உம்மு குல்தூமின் கச்சேரி கெய்ரோ வானொலியில் ஒலிபரப்பாகும். அந்த நேரத்தில் அரபு நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடிப் போகும் என்பார்கள். 1967 போரில் எகிப்து தோற்று மனமுடைந்திருந்தபோது, நாட்டுக்கு நாடு போய்ப் பாடி, கிடைத்த பணத்தைத் தன் நாட்டுக்கே கொடுத்தார். 1975 பெப்ரவரி 3இல் அவர் காலமானபோது கெய்ரோ வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர்.

இன்னொருவர் இத்தாலியின் மினா. 1940இல் பிறந்தவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இத்தாலியத் தொலைக்காட்சியில் அவரைத் தெரியாத வீடு இல்லை. புகழின் உச்சியில் இருந்தபோதே 1978க்குப் பிறகு மேடையில் தோன்றுவதை நிறுத்திக்கொண்டார். பாடுவதை நிறுத்தவில்லை. முகத்தைக் காட்டாமலே பல பத்தாண்டுகளாகப் புதிய பாடல்களை வெளியிட்டு வந்திருக்கிறார், இத்தாலியர்களும் காத்திருந்து கேட்கிறார்கள். முகத்தையும் உடையையும் காட்டினால்தான் பெண்ணைக் கவனிப்பார்கள் என்று நம்பும் இந்தக் காலத்தில், 'என் குரல் போதும்' என்று ஒரு மேலைநாட்டுப் பெண் முடிவெடுத்திருக்கிறார். மூவரின் மார்க்கமும் வேறு, வாழ்க்கையும் வேறு. மூவரின் எல்லாத் தெரிவுகளும் எங்களுக்கு முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. தங்கள் குரல் எப்படி, எங்கே, யாருக்குக் கேட்க வேண்டும் என்பதை மூவரும் கடைசியில் தாங்களே தீர்மானித்தார்கள் என்பதே என்னைக் கவர்ந்தது.

முகமில்லாத குரலின் பலம் எங்கள் உம்மம்மாக்களுக்குப் புதிதல்ல. என் உம்மம்மா இளவயதில் சுந்தராம்பாளின் ஒரு படமும் பார்த்ததில்லை. தியேட்டருக்குப் போக வீட்டில் விடவில்லை. ரேடியோவில் மட்டும் கேட்டார். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் 'மாதர் மஜ்லிஸ்' ஒலிபரப்பாகும்போது சமையலறையிலிருந்து எல்லாப் பெண்களும் ரேடியோவுக்குக் கிட்ட வந்துவிடுவார்களாம். எங்களைப் போன்ற முஸ்லிம் பெண்கள் எழுதியதை, எங்களைப் போன்ற பெண்குரல்கள் வாசிப்பதைக் கேட்பது அவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. அதற்கும் முன்னே, கீழக்கரை ஆசியா உம்மாவைப் போல ஞானப் பாடல்கள் இயற்றிய பெண்கள் தமிழ் முஸ்லிம் மரபில் இருந்திருக்கிறார்கள். வீடுகளில் பெண்கள் கூடியிருந்து மாலைகளையும் மசலாக்களையும் இராகமெடுத்துப் படித்திருக்கிறார்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டு கலிமாவைத் தாலாட்டாகச் சொல்லாத உம்மா யார்? குரல் எங்களுக்கு இரவல் வாங்கிய பொருளல்ல.

இவற்றையெல்லாம் நான் தேடி வாசிக்கக் காரணம் ஒன்று உண்டு. தரம் எட்டில் படிக்கும்போது தமிழ்மொழித் தினப் போட்டியில் பாவோதலுக்கு என்னைத் தெரிவு செய்தார்கள். பாடசாலை மட்டத்தில் முதலிடம். அடுத்தது கோட்ட மட்டம், வேறு பாடசாலையில், எல்லோர் முன்னும். வாப்பா விரும்பவில்லை. சந்தையடியில் தையல்கடை வைத்திருப்பவர். ஊர் என்ன பேசும் என்பது கடைக்குள்ளேயே அவர் காதுக்கு வந்துவிடும். அவர் கோபக்காரர் இல்லை. "மகள், நீங்க வீட்டில எவ்வளவும் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். சபையில வேண்டாம். பெரிய பிள்ளையாகிட்டீங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவருடைய பயத்தையும் என்னால் உதறிவிட முடியவில்லை. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஊரில் மறுபடியும் ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்ள இருபது வருடங்களுக்கு மேல் போராடிய மனிதர் அவர். அந்தப் பெயர் ஒரு நாளில் கெட்டுவிடக் கூடாது என்று பயந்தார். அன்றிரவு உம்மம்மா பேசினார். சுந்தராம்பாளின் பெயரை அவர் எடுக்கவில்லை. "ஏன் வேண்டாம் எண்டு சொல்லாத மகன். எப்பிடியெண்டா போகலாம் எண்டு அவளிட்டக் கேள்" என்று மட்டும் சொன்னார்.

வாப்பா என்னைக் கேட்டார். நான் சொன்னேன். பர்தாவோடுதான் மேடையேறுவேன். பாடலை நானே தெரிவு செய்வேன், மார்க்கத்துக்கு முரணான வரி இருந்தால் சொல்லமாட்டேன். ஆசிரியையோடு போய் ஆசிரியையோடு வருவேன். விரும்பினால் நீங்களும் வந்து முன்வரிசையில் இருங்கோ. வாப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாட்டைக் கொண்டுவாங்கோ, முதல்ல நான் வாசிச்சுப் பாக்கிறன்" என்றார். அந்த வருடம் கோட்ட மட்டத்தில் எனக்கு இரண்டாமிடம் கிடைத்தது. அதைவிட, வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்று கேட்டதுதான் எனக்குப் பெரிது. "கடைசி மட்டும் சொல் விளங்கிச்சுது" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. என்னோடு தரம் ஆறில் படித்தவர்களில் மிக நன்றாகப் பேசியவள் வேறொருத்தி. இப்போது அவள் வகுப்பில்கூடக் கேள்வி கேட்பதில்லை. சபையில் பேசாதே என்ற சொல் மெல்ல மெல்லப் பேசாதே என்ற சொல்லாகிவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு எல்லை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை வகுக்கும்போது அவளையும் பக்கத்தில் இருத்திக் கேட்டால், அந்த எல்லையை அவளே காப்பாள். கேட்காமல் வகுத்தால், அதற்குள்ளும் அவள் பேசமாட்டாள்.

சுந்தராம்பாள் மேடையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய விடுதலைப் போராட்டத்தில் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினார். தலைவர்கள் பேசுவதற்கு முன் சனத்தைக் கூட்டியது அந்தக் குரல்தான். 1950களில் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தார். ரயிலில் பாடிய ஒரு பிள்ளை, விதவை என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு பெண், சட்டம் இயற்றும் சபையில் போய் அமர்ந்தார். 'பூம்புகார்' படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த மு. கருணாநிதி. கொள்கையில் நேர் எதிரான இருவர் சிலப்பதிகாரத்தின் பொருட்டு ஒரு படத்தில் சேர்ந்தார்கள். 1969இல் வெளியான 'துணைவன்' படத்தில் பாடியதற்காக, 60 வயதைக் கடந்த நிலையில், இந்தியாவின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 1980இல் காலமானார்.

அன்புத் தோழியரே, எங்களில் எத்தனை பேர் பாடகிகளாகப் போகிறோம்? அநேகமாக ஒருவரும் இல்லை. ஆனால் ஆசிரியைகளாக, வைத்தியர்களாக, சட்டத்தரணிகளாக, உம்மாமார்களாக நாங்கள் ஒவ்வொருவரும் ஏதோவொரு சபையில் பேசத்தான் போகிறோம். நோயாளிக்கு மருந்தை விளக்கவும், நீதிமன்றத்தில் ஒருவருக்காக வாதாடவும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டியது தெளிந்த குரல். பெற்றோரே, உங்கள் மகளின் குரலை முதலில் கேட்கவேண்டிய சபை உங்கள் வீட்டு விறாந்தைதான். இந்த இதழில் உள்ள ஒரு கவிதையையாவது இன்றிரவு அவளை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசி அறையில் இருப்பவருக்கும் விளங்கும்படி, ஓர் எழுத்தையும் விழுங்காமல் வாசிக்கச் சொல்லுங்கள்.